பேட்டரி இல்லாத வண்டிக்கு நல்ல வெளிச்சம்



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "சார், எங்கப்பா வண்டிக்குப் பெரிய பல்பு வாங்கிப் போட்டாங்க. ஆனா முன்னைவிட வெளிச்சம் குறைஞ்சு போச்சு. ஏன் சார்?" என்று கேட்டான். வகுப்பில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். பெரிய பல்பு போட்டால் வெளிச்சம் எப்படிக் குறையும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விக்குரிய பதிலைத்தான் இன்றைய பேச்சில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அவனுடைய தந்தை தோட்டத்தில் ஜாகா வேலை பார்ப்பவர். இரவு நேரங்களில் செம்பனைக் குலைகள் திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அதற்காகத் தோட்ட நிர்வாகம் பழைய நான்கு சக்கர மோட்டார் ஒன்றைக் கொடுத்திருந்தது. மோட்டார் சைக்கிளைப் போல் கைப்பிடி இருக்கும். தடித்த நான்கு சக்கரங்கள் இருக்கும். சேற்றிலும் மேட்டிலும் ஏறிப் போகும். இவ்வகை வண்டிகளில் பலவற்றுக்குப் பேட்டரியே கிடையாது. 1970ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட மூன்று சக்கர வண்டியைக் கயிற்றை இழுத்துத்தான் இயக்க வேண்டும். 1987ஆம் ஆண்டில் வந்த யமாஹா பான்ஷீ என்ற நான்கு சக்கர வண்டியைக் காலால் உதைத்து இயக்க வேண்டும். அதற்கும் பேட்டரி இல்லை. ஆயினும் முன்னால் இரண்டு விளக்குகள் எரியும்.

ஜாகா அண்ணனின் வண்டியும் அந்த வகைதான். முன்னால் 30 வாட் பல்புகள் இரண்டு, பின்னால் 5 வாட் சிவப்பு விளக்கு ஒன்று. அந்த வெளிச்சம் போதவில்லை என்று அவர் பட்டணத்தில் ஒரு கடைக்குப் போய் 55 வாட் பல்புகள் இரண்டு வாங்கி வந்து மாட்டினார். அன்றிரவு நல்ல மழை. மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைத்தார். வேகம் குறைந்ததும் வெளிச்சம் பழுப்பாகி, எரிகிறதா அணைந்ததா என்று தெரியாத அளவுக்கு மங்கிப்போனது. பாதை எது, மழைநீர் ஓடும் கான் எது என்று தெரியவில்லை. முன் சக்கரம் கானில் இறங்கி வண்டி சாய்ந்தது. நல்ல வேளையாகத் தோளில் சிராய்ப்போடு தப்பினார். ஆகவே, பிள்ளை கேட்டது வெறும் பாடக் கேள்வி அல்ல. தன் தந்தை அடுத்த இரவும் அதே மேட்டில் இறங்க வேண்டுமே என்ற கவலையிலிருந்து எழுந்த கேள்வி அது.

நாம் அன்றே பதில் சொல்லிவிடவில்லை. மறுநாள் பள்ளிக்கு ஒரு பழைய சைக்கிளைக் கொண்டுவரச் செய்தோம். பின் சக்கரத்தோடு உரசிச் சுழலும் டைனமோ வைத்த சைக்கிள் அது. பெரியவர்களில் பலருக்கு இந்த டைனமோ நன்கு தெரியும். முன்பு தோட்டங்களில் இரவு குறித்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும் வழக்கம் இருந்தபோது, கடைக்கோ கோயில் திருவிழாவுக்கோ போய்த் திரும்புகிறவர்களுக்கு வழிகாட்டியது இந்தச் சிறு விளக்குதான். மெதுவாக மிதித்தால் மங்கலாக எரியும், விரைவாக மிதித்தால் பளிச்சென்று எரியும், நிறுத்தினால் அணைந்துவிடும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒரு மாணவனை மிதியைக் கையால் சுழற்றச் சொன்னோம். டைனமோவுக்குரிய சிறு பல்பு நன்றாக எரிந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டு, பழைய கப்சாய் மோட்டாரின் 6 வோல்ட், 15 வாட் பல்பை அதே கம்பிகளில் இணைத்தோம். மாணவன் வேர்க்க வேர்க்கச் சுழற்றினான். பல்புக்குள் இருக்கும் கம்பி சிவந்ததாகக் கூடத் தெரியவில்லை. மறுபடியும் சிறு பல்பை மாட்டினோம், முன்போலவே எரிந்தது. "பெரிய பல்பு கெட்டுப்போச்சா சார்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அந்தப் பல்பு கெடவில்லை. அதற்கு வேண்டியதைக் கொடுக்க டைனமோவுக்குச் சக்தி இல்லை என்று விளக்கினோம்.

நேயர்களே, இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்ற இங்கிலாந்து அறிஞர் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். செம்புக் கம்பிச் சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதே அது. சைக்கிள் டைனமோவும் பெரிய மின்நிலையங்களின் இயந்திரங்களும் இந்த உண்மையை வைத்தே இயங்குகின்றன. பேட்டரி இல்லாத வண்டியில் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு கனத்த சக்கரம் சுழல்கிறது. அதன் உட்புறத்தில் காந்தங்கள் பதித்திருக்கும். அந்தக் காந்தச் சக்கரத்தின் நடுவே அசையாத ஒரு தட்டில் கம்பிச் சுருள்கள் இருக்கும். பட்டறைக்காரர்கள் இவற்றைக் 'காயில்' என்பார்கள். ஒரு காயில் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பதற்கு, மற்றொன்று விளக்குக்கு. எஞ்சின் சுழலும்போது காந்தங்கள் சுருள்களைக் கடந்து ஓடுகின்றன, மின்சாரம் பிறக்கிறது.

இப்படிப் பிறக்கும் மின்சாரத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அது ஒரே திசையில் ஓடுவதில்லை. காந்தத்தின் வட முனை வரும்போது ஒரு பக்கமும், தென் முனை வரும்போது மறு பக்கமுமாக மாறி மாறி ஓடும். இதை மாறுதிசை மின்சாரம் என்கிறோம். பேட்டரியிலிருந்து வருவது நேர்திசை மின்சாரம். இரண்டாவது, எஞ்சினின் வேகம் கூடக் கூட வோல்ட் ஏறும். குறையக் குறைய இறங்கும். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நம் குடும்பங்களில் மாதச் சம்பளம் இவ்வளவு என்று தெரியும். அரிசிக்கு இவ்வளவு, பள்ளிச் செலவுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று தாய்மார்கள் பங்கிடுகிறார்கள். வரவு கூடாமல் செலவை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் விளக்குக் காயிலும் சம்பளக்காரரைப் போன்றதுதான். அதன் வரவை வாட் என்ற அளவால் சொல்கிறோம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும்.

ஜாகா அண்ணனின் வண்டியில் முன்பு இருந்த செலவு: 30 வாட் பல்புகள் இரண்டுக்கு 60 வாட், பின்விளக்குக்கு 5 வாட், ஆக மொத்தம் 65 வாட். 12 வோல்ட்டில் இதற்கு வேண்டியது சுமார் 5.4 ஆம்பியர். வண்டி செய்தவர்கள் இந்தச் செலவுக்கு ஏற்றபடிதான் காயிலைச் சுற்றியிருந்தார்கள். புதிய பல்புகளின் செலவு: 55 வாட் பல்புகள் இரண்டுக்கு 110 வாட், பின்விளக்கோடு 115 வாட். இதற்கு வேண்டியது சுமார் 9.6 ஆம்பியர். காயில் அதே காயில்; காந்தம் அதே காந்தம். 9.6 ஆம்பியருக்கு அவை எங்கே போகும்? அதனால் வோல்ட் சரிந்தது.

வோல்ட் சரிந்தால் வெளிச்சம் அதே அளவில் குறையும் என்று எண்ணிவிடக்கூடாது. கம்பி சிவந்து எரியும் பல்பில் வோல்ட் 10 பங்கில் 1 பங்கு குறைந்தால், வெளிச்சம் 10 பங்கில் ஏறக்குறைய 3 பங்கு குறைந்துவிடும். வோல்ட் பாதியானால் கம்பி செந்தணல் போல் தெரியுமே தவிரப் பாதை தெரியாது. மேட்டிலிருந்து இறங்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுழன்றது, வரவும் குறைந்தது, செலவோ பெரியது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் பெரியோர்கள் சொன்னது பல்புக்கும் பொருந்தும்.

அப்படியானால் வெளிச்சத்தைக் கூட்ட வழியே இல்லையா? உண்டு. காசு செலவில்லாத வழியை முதலில் சொல்வோம். தோட்டத்து வண்டி எப்போதும் சேற்றிலும் உரத் தூளிலும் ஓடுகிறது. கம்பிகள் வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் துரு பிடிக்கிறது. அந்த இடத்தில் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் வீணாகிப் போகும். அந்த இணைப்புகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக முடுக்க வேண்டும். விளக்குக் கண்ணாடியின் அழுக்கைக் கழுவ வேண்டும். பல்புக்குப் பின்னால் உள்ள பளபளப்பான கிண்ணம் கறுத்துப் போயிருந்தால் அதை மாற்ற வேண்டும். பழைய பல்புகளையே மாட்டி இவ்வளவையும் செய்தபோது, அந்த வண்டியின் வெளிச்சம் முன்பு இருந்ததைவிடத் தெளிவாக இருந்ததைக் கண்டோம்.

அடுத்த வழி, அதே வரவில் கூடுதல் வெளிச்சம் தரும் விளக்கைத் தேர்ந்தெடுப்பது. வெளிச்சத்தை லூமன் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். கம்பி சிவந்து எரியும் பல்புகள் ஒரு வாட்டுக்குச் சுமார் 15 முதல் 20 லூமன் தருகின்றன. மீதிச் சக்தி சூடாகப் போய்விடுகிறது. எல்.இ.டி. விளக்கோ ஒரு வாட்டுக்கு 80 லூமனும் அதற்கு மேலும் தருகிறது. பழைய 30 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து தந்தது 900 முதல் 1,200 லூமன். 18 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு 36 வாட்தான் எடுக்கும். ஆனால் 2,800 லூமன் அளவுக்குத் தரும். செலவு ஐந்தில் மூன்று பங்குதான். வெளிச்சம் இரண்டு மடங்குக்கு மேல். வரவைக் கூட்டாமல் குடும்பத்தைச் செழிக்கச் செய்யும் சிக்கனம் இதுதான்.

ஆனால் இங்கே ஒரு தடை உண்டு. எல்.இ.டி. விளக்குக்கு வேண்டியது நேர்திசை மின்சாரம். காயில் தருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரி உள்ள வண்டிக்கென்று விற்கும் விளக்கை அப்படியே இணைத்தால் அது படபடவென்று துடிக்கும். சில நாளில் கெட்டும் போகும். ஆகவே, இடையில் மூன்று பொருள்கள் வேண்டும். இவை என்ன வேலை செய்கின்றன என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, ரெக்டிபையர். இதற்குள் டயோடு என்ற நான்கு சிறு பொருள்கள் இருக்கின்றன. டயோடு என்பது ஒருவழிப் பாதையின் காவல்காரர் போன்றது; மின்சாரத்தை ஒரு பக்கம் விடும், மறு பக்கம் விடாது. நான்கையும் முறையாக இணைத்தால், இரு திசையிலும் வரும் மின்சாரம் ஒரே திசையில் வெளியேறும். ஒவ்வொரு டயோடும் சுமார் 0.7 வோல்ட்டைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு டயோடுகள் வேலை செய்வதால் 1.4 வோல்ட் குறையும்.

இரண்டாவது, ரெகுலேட்டர். எஞ்சின் விரைவாகச் சுழலும்போது வோல்ட் அளவு மீறி ஏறும். அதைத் தடுத்து 14 அல்லது 14.5 வோல்ட்டுக்கு மேல் போகாமல் வைப்பது ரெகுலேட்டர். பழைய சிறு மோட்டார்கள் சிலவற்றில் ரெகுலேட்டர் இல்லை. அவற்றில் முன்விளக்கு எரிந்துபோனால், சற்று நேரத்தில் பின்விளக்கும் எரிந்துபோகும். முன்விளக்கு செலவழித்த மின்சாரம் முழுவதும் பின்விளக்கின் தலையில் விழுவதே காரணம். இந்த வண்டிகளில் உள்ள ரெகுலேட்டர், மிகுதியான மின்சாரத்தைத் தானே வாங்கிச் சூடாக்கிக் கழிக்கும். நாம் குறைந்த வாட் விளக்கைப் போடும்போது மிகுதி கூடுவதால் அதன் சூடும் கூடும். எனவே அதைக் காற்றுப் படும் இடத்தில், வண்டியின் இரும்பு உடம்போடு ஒட்டி முடுக்க வேண்டும்.

மூன்றாவது, கெப்பாசிட்டர். லயத்துக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் நாம் தொட்டியில் பிடித்து வைத்து ஒரே சீராகப் பயன்படுத்துகிறோம் அல்லவா? கெப்பாசிட்டர் அத்தகைய தொட்டிதான். எஞ்சின் மெதுவாக, நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். நொடிக்கு 25 சுற்று. காந்தச் சக்கரத்தில் 6 முனைகள் இருந்தால் நொடிக்கு 150 தடவை மின்சாரம் துடிக்கும். இரண்டு துடிப்புகளுக்கு இடையில் விளக்குகள் 3 ஆம்பியரை எடுத்துக்கொண்டே இருக்கும். 10,000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் அந்த இடைவெளியில் வோல்ட் சுமார் 2 இறங்கி ஏறும். 22,000 மைக்ரோபாரட் இருந்தால் 1 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். வெளிச்சம் துடிக்காது. கெப்பாசிட்டரின் மீது 35 வோல்ட் என்று எழுதியிருப்பதை வாங்குவது நல்லது. 25 வோல்ட்டுக்குக் குறைந்தது கூடாது. அதன் நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி இணைத்தால் அது வெடிக்கக்கூடும்.

கடைகளில் ரெக்டிபையரும் ரெகுலேட்டரும் ஒரே பெட்டியாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் சில, பேட்டரி இணைத்திருந்தால் மட்டுமே சரியாக வேலை செய்யும். ஆகவே, பேட்டரி இன்றி, கெப்பாசிட்டரோடு இயங்கக்கூடிய வகை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனி, பலர் தவறுகின்ற இடத்துக்கு வருவோம். பெரும்பாலான வண்டிகளில் விளக்குக் காயிலின் ஒரு நுனி கம்பி வழியாக வெளியே வரும்; மறு நுனி எஞ்சினின் உடம்போடு பற்றவைத்திருக்கும். நான்கு டயோடு கொண்ட ரெக்டிபையரை இதனோடு இணைத்து, விளக்கின் எதிர்முனையையும் வண்டியின் உடம்பில் சேர்த்தால், ஒரு டயோடின் இரு பக்கமும் ஒன்றாகிவிடும். மின்சாரத்தின் ஒரு பாதி குறுக்கு வழியில் ஓடி வீணாகும். டயோடும் சூடேறிக் கெடும். இதைத் தவிர்க்க, உடம்போடு பற்றவைத்த நுனியைப் பிரித்தெடுத்து, அதற்குத் தனிக் கம்பி வைத்து வெளியே கொண்டுவர வேண்டும். இரண்டு நுனிகளும் ரெக்டிபையருக்குப் போக வேண்டும். வேலை முடிந்ததும் ஓம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தால், அந்தக் கம்பிகளுக்கும் எஞ்சின் உடம்புக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. பழைய ரெகுலேட்டர் வண்டியின் உடம்பை நம்பி வேலை செய்தது. இந்த மாற்றத்துக்குப் பின் அது பயன்படாது. அதைக் கழற்றிவிட வேண்டும்.

இந்த வேலையைத் தோட்டத்துப் பட்டறையில் அனுபவமுள்ள போர்மேன் ஒருவர் செய்தார். நாம் கூட இருந்து பார்த்தோம். காந்தச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றக்கூடாது, அதற்கென்று உள்ள இழுப்பான் கருவியால்தான் கழற்ற வேண்டும் என்று அவர் பிள்ளைகளுக்குக் காட்டினார். மற்றொன்றையும் சொன்னார். தீப்பொறிக் காயிலிலிருந்து வரும் கம்பியில் விளக்குக்கென்று மின்சாரம் எடுக்கவே கூடாது. அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், தொட்டால் ஆபத்து, எஞ்சினும் நின்றுவிடும். கம்பியின் நிறத்தைப் பார்த்து இதுதான் விளக்குக் கம்பி என்று முடிவு செய்யக்கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் நிறம் வேறுபடும். பழைய வண்டியில் யாராவது இடையில் மாற்றியும் இருப்பார்கள். மீட்டர் வைத்து அளந்துதான் அறிய வேண்டும்.

மீட்டரில் அளக்கும்போதும் கவனம் வேண்டும். காயிலிலிருந்து நேரே வருவதை மாறுதிசைக் குறியில் வைத்து அளக்க வேண்டும். நேர்திசைக் குறியில் வைத்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தைக் காட்டும். அதைப் பார்த்துக் காயில் செத்துவிட்டது என்று எண்ணிப் புதிய காயிலுக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. ரெக்டிபையருக்குப் பிறகு நேர்திசைக் குறியில் அளக்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒருமுறை, விரைவாக ஓடும்போது ஒருமுறை, விளக்குகளை எரியவிட்டே அளக்க வேண்டும்.

அன்று போர்மேன் அளந்து சொன்ன எண்களை மாணவர்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். 55 வாட் பல்புகளோடு, மெதுவான ஓட்டத்தில் 5 வோல்ட். விரைவான ஓட்டத்தில் 9 வோல்ட். பழைய 30 வாட் பல்புகளோடு, மெதுவான ஓட்டத்தில் 9. விரைவான ஓட்டத்தில் 13. கடைசியாக 18 வாட் எல்.இ.டி. விளக்குகளோடு, மெதுவான ஓட்டத்தில் 12. விரைவான ஓட்டத்தில் 14. கேள்வி கேட்ட மாணவன் அந்த மூன்று வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு தன் தந்தையிடம், "அப்பா, சின்ன விளக்குக்குத்தாம்பா வோல்ட் நெறைய வருது" என்றான். அவர் தலையைத் தடவிக்கொண்டு, "நான் கடையில காசு கொடுத்து இருட்ட வாங்கியாந்திருக்கேன் சார்" என்று சொல்லிச் சிரித்தார். அங்கிருந்த எல்லாருமே சிரித்துவிட்டோம்.

சிலர், காயிலையே தடித்த கம்பியால் புதிதாகச் சுற்றி வரவைக் கூட்டலாமே என்று கேட்கலாம். அவ்வாறு செய்பவர்கள் உண்டு. ஆனால் சுற்றுவதற்கு இடம் கொஞ்சமே. காந்தத்தின் வலிமைக்கும் எல்லை உண்டு. சுற்றியது சரியில்லை என்றால் எஞ்சினின் சூட்டில் கம்பியின் பூச்சு உரிந்து காயில் கெடும். அதற்குமேல், வாட் மிகுந்த பல்பின் சூட்டால் பழைய விளக்கின் பிளாஸ்டிக் கூடு உருகக்கூடும். எனவே முதலில் செலவைக் குறையுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் வரவைக் கூட்ட வழி தேடுங்கள்.

விளக்குகளுக்குப் போகும் நேர்முனைக் கம்பியில், கெப்பாசிட்டருக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று வைக்க வேண்டும். கம்பிகள் புகைக்குழாயில் படாமலும், கைப்பிடியைத் திருப்பும்போது இழுபடாமலும் கட்ட வேண்டும். விளக்கை வாங்கும்போது 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகாத வகையா என்றும் கேளுங்கள். இன்னொன்று: இந்த நான்கு சக்கர வண்டி தோட்டத்துப் பாதைக்கு உரியது, பொதுச் சாலைக்கு உரியதல்ல. சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் விளக்கை மாற்றுவதற்குப் போக்குவரத்துச் சட்டத்தில் விதிகள் உண்டு. எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும் வெளிச்சம் இன்னொரு குடும்பத்துக்கு ஆபத்தாக முடியும்.

நேயர்களே, இவ்வளவு செய்த பிறகும் ஒன்றை மறந்துவிடலாகாது. கெப்பாசிட்டர் பேட்டரி அல்ல. எஞ்சின் நின்றால் அதிலுள்ள மின்சாரம் ஒரு நொடிக்குக் கூடத் தாங்காது, விளக்கு அணைந்துவிடும். நடு இரவில், செம்பனைக் காட்டின் நடுவில் எஞ்சின் நின்றுபோனால் சுற்றிலும் இருள்தான். பாம்பு இருக்கலாம், காட்டுப்பன்றி இருக்கலாம், பாதையோரத்தில் பள்ளம் இருக்கலாம். அந்த நேரத்துக்கு ஒரு டார்ச்சு லைட்டோ நெற்றி விளக்கோ கட்டாயம் கையில் இருக்க வேண்டும். இருளில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் நெற்றி விளக்கு இல்லாமல் லயத்தை விட்டுக் கிளம்புவதில்லை. அந்த நல்ல பழக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்கும் வேண்டும்.

இதில் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. எங்கள் மாணவன் தன் தந்தை வேலைக்குப் புறப்படும்போது மூன்று கேள்வி கேட்கிறானாம். கண்ணாடி துடைத்தாச்சா? மெதுவான ஓட்டத்தில் வெளிச்சம் நிற்கிறதா? டார்ச்சு லைட் பையில் இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆமாம்பா" என்று பதில் வந்த பிறகுதான் அவன் பாயில் படுக்கிறானாம். அவன் தாய் நம்மிடம் வந்து இதைச் சொன்னபோது, "முன்னெல்லாம் அவரு திரும்பற வரைக்கும் இவன் தூங்க மாட்டான் சார். இப்ப தூங்குறான்" என்றார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ பேட்டரி இல்லாத வண்டி இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் அதில் இருக்கும் பல்புகளில் எழுதியுள்ள வாட் எண்களைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைதான் உங்கள் வண்டியின் சம்பளம். அதற்குள் வாழத் தெரிந்தால் வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது.